பித்தளை வாய்

அவளுக்கு நாற்பது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ரயில் ஓட்டும் பயிற்சியில் நாற்பதுக்குள் சேர்ந்தாக வேண்டும். சேர்வதற்கு ஒரு கடிதம் வர வேண்டும். கடிதம் வரவில்லை.

பதினான்கு வருடமாக அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராக ஆட்களை அனுப்பினாள். ரயில் வருவது மேஜை அதிர்வதில் தெரியும். போவது அதிர்வு நிற்பதில் தெரியும். ரயிலை அவள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம்.

ரயில்வே ஆட்களையே ஓட்டுநர் பயிற்சிக்கு எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது யாரிடமும் மூச்சுக் காட்டாமல் விண்ணப்பம் போட்டாள். தேர்வு எழுதினாள். தேறியவர்களின் பட்டியலை நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஏழு எண்கள். நான்காவது அவளுடையது. அன்று கவுன்ட்டரில் வாய் கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். என்னமோ ஏதோ என்று பயணிகள் மிச்சச் சில்லறையை இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

அது மூன்று வாரத்துக்கு முன்பு. மற்ற ஆறு பேருக்கும் அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் அந்தக் கடிதத்தைக் கையில் கொண்டு வந்து பயிற்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் இடம் எட்டாவது ஆளுக்கு.

அவள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"அனுப்பியாச்சும்மா. பன்னிரண்டாம் தேதி."

"எனக்கு வரலையே சார். நகல் ஒண்ணு கொடுப்பீங்களா?"

"நகல் கொடுக்கற வழக்கம் இல்ல. தொலைச்சா நாங்க பொறுப்பில்ல."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வருபவர்களிடம் பதினான்கு வருடமாக அவள் சொல்லிவந்த அதே வாக்கியம். குரல்கூட அதே குரல்.

கோளாறு வீடு மாறியதில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பழைய தெருவிலிருந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் பழைய விலாசம். வீடு மாறியவர்கள் தபால் நிலையத்தில் ஒரு பாரம் நிரப்பிக் கொடுத்தால், பழைய விலாசத்துக்கு வருவதைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அவள் அந்தப் பாரத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடச் சொல்லிக் கணவனிடம் தந்திருந்தாள். அவன் தச்சன். பட்டறை தபால் நிலையத்துக்குப் பக்கத்தில்தான்.

"பாரம் கொடுத்தீங்களா?" என்று அன்றே கேட்டாள்.

"சொல்லிட்டேன்," என்றான்.

தச்சன் பேசுகிற வார்த்தைகளில் பாதி அதுதான். கதவு எப்போது முடியும் என்றால் ஆளிடம் சொல்லிட்டேன். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றால் குழாய்க்காரரிடம் சொல்லிட்டேன். காதில் பென்சில் எப்போதும் இருக்கும். அதைக்கொண்டு எண்கள் மட்டும் எழுதுவான், அதுவும் பலகை மேல். வாடிக்கையாளர்களோடு இருபது வருடத் தொழிலும் வாய்வார்த்தையிலேயே ஓடியது. யாரும் அவனை ஏமாற்றியதில்லை, அவனும் யாரையும் ஏமாற்றியதில்லை. மகள் மட்டும் அப்பாவுக்குச் சொல்லிட்டேன் ஐயா என்று பெயர் வைத்திருந்தாள்.

புதிய கட்டடத்தில் மாடிப்படி ஏறும் இடத்தில் வரிசையாகத் தகரப் பெட்டிகள். தங்கள் பெட்டியை அவள் காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்து ஒரு முறை, குப்பை கொட்டப் போகும்போது ஒரு முறை திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பல்லி குடியிருந்தது.

"அம்மா, கதவைத் திறந்து திறந்து அதுக்குத் தூக்கமே போச்சு," என்றாள் மகள்.

பழைய வீட்டுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே இப்போது ஒரு பல் டாக்டர் இருந்தார். முன் அறைதான் கிளினிக். வாசலில் பச்சைப் பெயர்ப்பலகை, கேட்டுக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு தகரத் தபால் பெட்டி. டாக்டர் அதைத் திறந்தே காட்டினார்.

"எனக்கு வர்றது மட்டும்தாங்க இதுல. உங்க பேர்ல ஒண்ணு வந்திருந்தா வச்சிருந்திருப்பேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்று யோசித்தாள். கேட்டுக்கு வலப்பக்கச் சுவரில் பழைய பித்தளைத் தகட்டில் தூசி படிந்திருந்தது. பதினொரு வருடப் பழக்கம். கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தாள்.

கணவனிடம் தபால்காரரைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். பழைய தெருத் தபால்காரரைத் தெருவே பத்தேகால் என்றுதான் கூப்பிடும். மழையோ வெயிலோ, பத்தேகாலுக்கு அந்த வாசலில் அவருடைய சைக்கிள் மணி கேட்கும். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் அவரை வைத்துத்தான் மணி திருப்பினார்கள்.

தச்சன் கேட்டுவிட்டு வந்தான்.

"எல்லாம் ஒண்ணு விடாம போட்டுட்டுதான் இருக்கேன்னு சொன்னார்."

"என் கடிதத்தையுமா?"

"ஒண்ணு விடாமன்னா எல்லாந்தானே?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே தபால் நிலையத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குப் புதிது. முன்னால் நின்றவர் சில்லறை தேடியபோது அவளுக்கே, சீக்கிரம் எடுங்க என்று வாய்வரை வந்துவிட்டது.

கவுன்ட்டரில் இருந்தவர் பதிவேட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தார்.

"உங்க பேர்ல பாரமே வரலையேம்மா."

வீட்டுக்கு வந்தவள் நேராகத் தச்சனின் வேனில் ஏறினாள். முன்கண்ணாடிக்குக் கீழே அளவு நாடா, உப்புத்தாள், திருப்புளி எல்லாம் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில் பாரம் இருந்தது. அதன் மேல் யாரோ வீட்டு அலமாரியின் நீள அகலம் பென்சிலில் எழுதியிருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற தச்சன் முகத்தில் ஈயாடவில்லை.

"பத்தேகால்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன். அப்புறம் பாரம் எதுக்குன்னு..."

"என்னன்னு சொன்னீங்க?"

"வீடு மாறறோம்னு."

"வேற?"

"வேற என்னமோ சொன்னேன். ஞாபகம் வரல."

"நாளைக்கு ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள். "யோசிச்சுப் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை. பத்தேகாலைப் பழைய வீட்டு வாசலிலேயே பிடிப்பது என்று முடிவு. அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பரபரக்கிற கைகளுக்கு வேலை வேண்டுமே என்று முட்டை வறுக்க வெங்காயம் எடுக்கப் போனாள்.

வெங்காயம் தபால் பெட்டியில் இருந்தது.

பழைய வீட்டுக்குத் தச்சன் தன் கையால் செய்த தேக்குப் பெட்டி அது. முழங்கை நீளம், முழங்கை உயரம், மூட்டுக்கு மூட்டு ஆணியில்லாத வேலை. சுவரில் ஒரு பொந்து வெட்டி உள்ளே பொருத்தியிருந்தான். வீடு மாறும் நாளில் அதை விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை. பெயர்த்து எடுத்து வந்துவிட்டான். இங்கே மாட்ட இடமில்லை. அதனால் அடுப்பங்கரையில் வெங்காயக் கூடையாகிவிட்டது.

அவள் கையை விட்டாள். வெங்காயத்தோடு கை வெளியே வந்தது. மறுபடி உள்ளே விட்டாள். முழங்கைவரை தடையில்லாமல் போனது.

பதினொரு வருடம் இந்தப் பெட்டியைப் பின்பக்கச் சிறு கதவு வழியாகத்தான் அவள் திறந்திருக்கிறாள். முன்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. முன்பக்கம் சுவரில் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் வெறும் திறப்பு.

"ஏங்க."

"ம்."

"இதோட வாய் எங்க?"

பல் துலக்கிக்கொண்டிருந்த தச்சன் எட்டிப் பார்த்தான். "பித்தளைத் தகடா? அது சுவத்துல சிமென்ட் போட்டு இறுக்கினது. எடுத்தா சுவரு போயிடும். அங்கயே விட்டுட்டேன்."

"கடிதம் போடற ஓட்டையும்?"

"தகட்டுலதானே ஓட்டை."

"வாய் அங்க இருக்கு. வயிறு இங்க இருக்கு. அப்போ போடறது எங்க போகுது?"

தச்சன் வாயில் நுரையோடு நின்றான். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அவனுக்கு ஞாபகம் வந்தது.

"பத்தேகால்கிட்ட நான்... பெட்டி இங்கதான் இருக்கும், நீங்க பாட்டுக்குப் போடுங்க, வாரம் ஒரு தடவை நான் வந்து எடுத்துக்கறேன்னு சொன்னேன்."

"எப்போ?"

"கிளம்பறதுக்கு முந்தின நாள்."

"பெட்டியைப் பெயர்த்தது?"

"கிளம்பற அன்னிக்கு."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் முதல் முறையாகத் தச்சன், சொல்லல என்றான்.

அவள் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்து உருண்டது. மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

பழைய வீட்டு வாசலில் வேன் நின்றபோது மணி ஒன்பதரை. டாக்டரின் முன் அறையில் மூன்று நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் வெளியே வந்து பித்தளைத் தகட்டைப் பார்த்தார்.

"இது அலங்காரத்துக்குன்னு நினைச்சேன்."

"உள்பக்கம் எங்கங்க இருக்கு பொந்து?" என்று அவள் கணவனிடம் கேட்டாள்.

அவன் உள்பக்கமாகப் போனான். சுவரைத் தட்டினான். குனிந்து பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். அசடு வழிந்தது.

"என்னங்க?"

"மூடிட்டேன். செங்கல் வச்சு, பூசி, வெள்ளையடிச்சு. அடுத்தவங்க வீட்டுல பொந்தை விட்டுட்டுப் போகக் கூடாதில்ல." ஒரு நிமிடம் சுவரைத் தடவினான். "இடமே தெரியல பாரு. நல்ல வேலை."

"உங்க வேலையை நாங்க அப்புறம் மெச்சிக்கறோம்பா," என்றாள் மகள்.

தச்சன் வேனிலிருந்து சுத்தியும் உளியும் எடுத்து வந்தான். டாக்டர் கையை விரித்துக் குறுக்கே நின்றார்.

"உடைக்கறதா? உள்ள எல்லாம் இப்பத்தான் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். புழுதி பறந்தா இன்னிக்கு ஒரு வாயைத் திறக்க முடியாது."

"வேற வழி இல்லையே டாக்டர்."

டாக்டர் தகட்டின் மூடியை விரலால் தூக்கினார். உள்ளே ஒரு கண்ணால் பார்த்தார். தொழில்காரரின் முகம் வந்துவிட்டது.

"உடைக்க வேண்டாம்," என்றார். "பிடுங்கிடலாம்."

நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, மறு கையில் நீள இடுக்கி. தச்சன் தகட்டு மூடியைத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னும் கொஞ்சம் திறங்க," என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில். "ஆங், அப்படியே. அசையக் கூடாது."

நோயாளிகள் மூவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கன்னம் வீங்கிய ஒருவர் கைக்குட்டையால் தாடையைக் கட்டியிருந்தார். முதல் தாள் வெளியே வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். புதிய பல் மருத்துவமனை திறப்பு, அனைவரும் வருக என்று இருந்தது.

"இது நான் தெரு பூரா அனுப்பினது," என்றார் டாக்டர்.

"வந்துட்டோம் டாக்டர்," என்றாள் மகள்.

வீங்கிய கன்னக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கம்மா. உயிர் போகுது."

இரண்டாவது, தச்சனுக்கு வந்த பலகைக் கடை விளம்பரம். மூன்றாவது, மகள் நூலகத்துக்குத் திருப்பாத புத்தகத்துக்கான நினைவூட்டல். மகளின் சிரிப்பு அங்கே நின்றது. நான்காவது, தச்சனின் அக்கா எழுதிய நீளக் கடிதம். வீடு மாறினதும் தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதே முதல் வரி.

"அக்காகிட்டயும் சொல்லலையா?" என்றாள் அவள்.

"சொல்லிட்டேன்னு நினைச்சேன்."

ஐந்தாவது வரவில்லை. டாக்டர் கண்ணாடியைச் சாய்த்தார். ஒளியைச் சாய்த்தார்.

"அடியில ஒண்ணு படுத்திருக்கு. நீளக் கவர். முத்திரை தெரியுது. சக்கரம் மாதிரி."

ரயில்வே முத்திரை அது. மணி பத்தைத் தாண்டியிருந்தது.

"எடுங்க டாக்டர்."

"இடுக்கி எட்டல. இதைவிட நீளமா யாருக்கும் பல் கிடையாது."

தச்சன் வேனுக்குப் போனான். விரல் அகலத்தில் மெல்லிய தேக்குச் சீவல் ஒன்றை எடுத்து வந்தான். வளைத்துப் பார்த்தான். ஓட்டையில் விட்டுப் பார்த்தான். அடி தட்டியது.

"எட்டுது. ஆனா ஒட்டணுமே."

டாக்டரும் தச்சனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் உள்ளே ஓடினார். ஒட்டுகிற மெழுகு ஒரு துண்டைச் சூடாக்கி எடுத்து வந்து சீவலின் நுனியில் அப்பினார். லவங்க எண்ணெய் மணம் வாசலெங்கும் பரவியது. தச்சன் சீவலை இறக்கினான். டாக்டர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்.

"இடப்பக்கம். இன்னும் கீழ. அமுக்குங்க. எண்ணுங்க இருபது வரைக்கும்."

வாசலில் இருந்த அத்தனை பேரும் எண்ணினார்கள். வீங்கிய கன்னக்காரர் விரலால் எண்ணினார். பதினேழில் தெருமுனையில் மணி கேட்டது. பத்தேகால்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். கையில் ஒரு தபால் இருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க," என்றார். "இந்த வீட்டுப் பழைய ஆளுங்களுக்கு ஒண்ணு போடணும்."

சிரிப்பில் தெரு அதிர்ந்தது.

பத்தேகாலுக்கு விஷயம் புரிய நேரம் ஆகவில்லை. தச்சனைப் பார்த்தார்.

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நான்தான்."

"நானும் நினைச்சேன். முன்னெல்லாம் போட்டா டொக்குனு தேக்குச் சத்தம் கேக்கும். ஒரு மாசமா சத்தமே இல்ல. உள்ள மெத்தை கித்தை போட்டிருக்காங்க போலன்னு விட்டுட்டேன்."

"இருபது," என்றார் டாக்டர். "இழுங்க. மெதுவா. வேர் உடைஞ்சிடப் போகுது."

சீவல் மேலே வந்தது. கவரின் மூலை ஓட்டையில் எட்டிப் பார்த்தது. டாக்டர் இடுக்கியால் கவ்வினார். ஒரு திருப்பு, ஒரு இழுப்பு. கடிதம் வெளியே வந்துவிட்டது. டாக்டர் பழக்கத்தில் அதை ஒளியில் தூக்கிக் காட்டினார், முழுசாக வந்துவிட்டதா என்று.

வாசலில் கைதட்டினார்கள். வீங்கிய கன்னக்காரர், "எனக்கும் இவ்வளவு சுலபமா வந்துடுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தச்சர் வேண்டியதில்ல," என்றார் டாக்டர்.

அவள் கவரைப் பிரித்தாள். பெயர், எண், முத்திரை. இரண்டு முறை படித்தாள். படித்ததும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுக்கியோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள்.

பயிற்சி அலுவலகம் ஊரின் மறு கோடியில், தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் இருந்தது. வழியெல்லாம் ரயில்வே கேட்டுகளில் நின்று நின்று வேன் போய்ச் சேரும்போது பன்னிரண்டு நாற்பது. வரிசையில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஜன்னலில் ஒரு அலுவலர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கப் போனவர், மூடினார்.

கடிதத்தை வாங்கினார். மூலையைத் தடவினார். மோந்து பார்த்தார்.

"என்னம்மா, கடிச்ச மாதிரி இருக்கு? லவங்க வாசனை வேற."

"கடிக்கல சார். பிடுங்கினது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். நான்காவது வரி காலியாக இருந்தது. மற்ற ஆறிலும் கையெழுத்துகள். அவள் நிதானமாக, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துடுங்க. முதல் மாசம் வகுப்பு. அப்புறம் இன்ஜின்ல ஏத்துவாங்க. விலாசம் பழசுதானே?"

"புதுசு சார். நானே எழுதிடறேன்."

எழுதினாள். வெளியே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அலுவலரின் மேஜை அதிர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைசிப் பெட்டி போகும்வரை நின்று பார்த்தாள். அவசரப்படுத்தக் கண்ணாடிக்கு முன்னால் டிக்கெட் வரிசை இல்லை.

வெளியே வேனில் தச்சன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு இருந்தான். மகள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டிருந்தாள்.

"என்னம்மா?"

"திங்கட்கிழமை," என்றாள்.

மகள் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தச்சன் ஹார்னை அழுத்தியவன் கையை எடுக்க மறந்துவிட்டான். பிறகு எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அக்காவுக்கு முதல்ல சொல்லிடணும்," என்றான். "பத்தேகாலுக்குச் சொல்லணும். புது வீட்டுப் போஸ்ட்மேனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வச்சுட்டா..."

அவள் வண்டியில் ஏறினாள். முன்கண்ணாடிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். அளவு நாடா, உப்புத்தாள், திருப்புளி. பாரத்தை எடுத்தாள். அலமாரி அளவுகளை விரலால் தேய்த்து அழித்தாள். அவன் மடியில் வைத்தாள். அவன் காதிலிருந்து பென்சிலை உருவி அவன் விரல்களுக்கு நடுவில் செருகினாள்.

"சொல்ல வேண்டாம்," என்றாள். "கையெழுத்துப் போடுங்க."

தச்சன் பாரத்தைப் பார்த்தான். பென்சிலைப் பார்த்தான். பலகையில் கோடு போடுவதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, போட்டான்.